வாடகை மூளை

"பொட்டு வைத்தாயிற்றா?"

"வைத்தாயிற்று, அண்ணாச்சி!"

"எலுமிச்சம்பழம்?"

"கீபோர்டு முன்னால் இருக்கிறது."

ஆயுத பூசையன்று, பந்தல்குடிக் கடைத்தெருவில், கணிப்பொறி மையம் ஒன்றின் வாயிலிலே நம் செவியில் விழுந்த உரையாடல் இது.

பந்தல்குடி, மதுரையிலிருந்து தூத்துக்குடி நோக்கி விரையும் நெடுஞ்சாலையிலே, அருப்புக்கோட்டையைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர். இருமருங்கும் கரிசல். மழை பெய்தால் களி, பொய்த்தால் பாளம். பருத்தியும் மல்லியும் மக்காச்சோளமும் விளையும் ஆண்டுகள் சில. சீமைக்கருவேலம் மட்டுமே செழிக்கும் ஆண்டுகள் பல. அந்த ஊரிலே, கணிப்பொறியின் நெற்றியிலே சந்தனம்! சந்தனத்தின் நடுவிலே குங்குமம்! சுவரிலே ஓர் அறிவிப்பு: "கணிப்பொறி மூலம் ஜாதகம் கணித்துத் தரப்படும்." மேசைக்கு அருகிலே, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த மாணவி ஒருத்தி கைகட்டிக் காத்து நின்றாள். பூசை முடிந்த பின்னர்தான் பொறி இயக்கப்படுமாம்!

அந்தக் கடைக்காரரை நாம் ஏளனம் செய்யவில்லை. உழைத்துப் பிழைப்பவர், கடன் வாங்கிப் பொறி வாங்கியவர். ஆனால், அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும் பாடம் பழையது, மிகப் பழையது. "புரியாதது எதுவோ அது புனிதம், புனிதம் எதுவோ அதனை நெருங்காதே, நெருங்கும் உரிமை உடையவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு எட்ட நில்!" ஆயிரம் ஆண்டுகளாக இந்நாட்டிலே ஓதப்பட்ட பாடம் அல்லவா அது?

வியப்பு என்னவென்றால், இதே பாடத்தை, பூணூலோ புராணமோ இல்லாமல், கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அரை நூற்றாண்டுக் காலம் உலகுக்கு ஓதிப் பெரும்பொருள் ஈட்டிய வணிக நிறுவனம் ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தின் சுவர்களிலே பெரிய எழுத்துகளில் ஒரே ஒரு சொல் தொங்கியது. என்ன சொல் தெரியுமா? 'சிந்தி!'

ஆம்! ஊரெல்லாம் "சிந்தி" என்று எழுதி மாட்டிய ஐ.பி.எம். நிறுவனத்தின் கதையைத்தான் கூறப்போகிறோம். அது அமெரிக்கக் கதை மட்டுமன்று. எலுமிச்சம்பழத்தின் எதிரே காத்து நின்ற அந்தப் பெண்ணின் கதையும் அதிலே இருக்கிறது.

தறியிலே பிறந்த எண்ணம்

நெசவாளர் தெருக்களிலே தறியின் தலைமேல் ஏறி நிற்கும் ஜக்கார்டுப் பெட்டியைக் கண்டவர் நம்மிடையே பலர். துளையிட்ட அட்டைகள் மாலைபோலத் தொடுக்கப்பட்டுத் தொங்கும். துளை இருக்கும் இடத்திலே பாவு நூல் எழும். இல்லாத இடத்திலே படுத்துக் கிடக்கும். பூவும் மாங்காயும் சேலையிலே மலர்வது அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த முறை அது. கணிப்பொறியின் பாட்டன் கோயிலிலே பிறக்கவில்லை, தோழர்களே, தறிக்குழியின் அருகிலேதான் பிறந்தான்!

துளைக்கும் பொருள் உண்டு என்னும் அந்த எண்ணத்தை, எண்ணிக்கைக்குப் பயன்படுத்தியவர் ஹெர்மன் ஹாலரித். அமெரிக்காவிலே 1880ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கைக் கையாலேயே கூட்டி முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கணக்கெடுப்பு வாயிற்படியிலே நின்றது. ஹாலரித் ஒரு வழி கண்டார். ஆளுக்கோர் அட்டை. ஆணா பெண்ணா, வயது என்ன, தொழில் என்ன, ஒவ்வொன்றுக்கும் ஓரிடத்தில் துளை. அட்டையின் மீது ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி புகுந்து அடியிலுள்ள பாதரசத்தைத் தொடும். தொட்டதும் மின்சாரம் பாயும். முகப்பிலே முள் ஓர் எண் நகரும். அவ்வளவுதான். மந்திரமா? மாயமா? துளை, ஊசி, பாதரசம், மின்சாரம்! 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் 6 கோடிக்கு மேற்பட்டோரின் கணக்கு இம்முறையிலே விரைந்து முடிந்தது.

1896இல் ஹாலரித் தொடங்கிய நிறுவனம், 1911இல் வேறு சில நிறுவனங்களோடு இணைக்கப்பட்டது. தராசு செய்பவர், தொழிலாளர் வந்து போகும் நேரம் குறிக்கும் கடிகாரம் செய்பவர் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தனர். 1914இல் தாமஸ் வாட்சன் என்பவர் அதன் நிருவாகத்துக்கு வந்தார். இயந்திரம் கண்டுபிடித்தவர் அல்லர் அவர், விற்கத் தெரிந்தவர். 1924இல் நிறுவனத்துக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது: பன்னாட்டு வணிகப் பொறிகள் நிறுவனம், சுருக்கமாக ஐ.பி.எம். 1930களிலே அமெரிக்க அரசு முதியோர் பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தபோது, 2 கோடியே 60 இலட்சம் தொழிலாளரின் கணக்கை வைக்கும் பெரும்பணி அந்நிறுவனத்தின் பொறிகளுக்கே கிட்டிற்று.

கருவறையும் கணிப்பொறி அறையும்

வாட்சனின் வாணிகத்திலே ஒரு நுட்பம் இருந்தது. அவர் பொறியை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்! மாதந்தோறும் வாடகை. பொறி பழுதானால் நிறுவனத்தின் ஆளே வந்து திறப்பான், பிறர் தொடலாகாது. பொறியிலே இடும் அட்டைகளையும் அந்நிறுவனத்திடமே வாங்க வேண்டும். வேறு அட்டை போட்டால் ஒப்பந்தம் முறியும்!

எண்ணிப் பாருங்கள். கோயில் கட்டக் கல் சுமந்தவன் நாம். கருவறைக்குள் நுழைபவன் வேறொருவன். காசு கட்டியவன் ஒருவன். கணிப்பொறி அறைக்குள் நுழைபவன் வேறொருவன். அங்கே அருச்சனைத் தட்டு. இங்கே அட்டைக் கட்டு. இரண்டையும் வெளியே வாங்கிக்கொண்டு வரலாகாது! இரண்டு இடத்திலும் சரக்கு ஒன்றே: பிறருடைய அறியாமை.

அமெரிக்க மக்களும் இதனைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. வழக்கு நடந்தது. எங்கள் அட்டையைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பு என்று 1936இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறிற்று. வாடகைக்கு மட்டுமே தருவோம் என்ற வல்லடியும் நீடிக்கவில்லை. விற்கவும் வேண்டும் என்ற கட்டளைக்கு 1956இல் அந்நிறுவனம் இணங்க வேண்டியதாயிற்று. கல்வி பரவிய நாட்டிலே கருவறைக் கதவும் தட்டப்படும் என்பதற்கு இது சான்று.

பொறிக்கு மனச்சான்று உண்டா என்ற கேள்வியையும் இவ்விடத்திலேயே கேட்டுவிடுவோம். செர்மனியிலே இந்நிறுவனத்துக்குக் கிளை ஒன்று இருந்தது. இட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே அங்கு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கிலே மதம் கேட்கப்பட்டது. 1939 கணக்கிலே, பாட்டன் பாட்டி யூதரா என்பதும் கேட்கப்பட்டது. விடைகள் துளைகளாயின. மனிதர்களைப் பிரித்தெடுக்கும் வேலையை அட்டைகள் எளிதாக்கின. 1937இல் இட்லர் அரசு வாட்சனுக்கு விருது அளித்தது. 1940இல்தான் அவர் அதனைத் திருப்பி அனுப்பினார்.

பொறி குற்றவாளியா? அன்று. அது கேட்டதற்கு விடை சொல்லும். பகையைக் கேட்டால் பகைக்குப் பட்டியல் தரும். பசியைக் கேட்டால் பசித்தவர் பட்டியல் தரும். நம் நாட்டையே காண்போம். எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையையும் மக்கள்தொகைக் கணக்கு கடைசியாக வெளியிட்டது 1931இல். எவர் எத்தனை பேர், எவர் கையில் எத்தனை இடம் என்று கேட்கத் தயங்கியவர்கள் எத்தனை ஆண்டுகள் தயங்கினர்! அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று மைய அரசு 2025இல்தான் அறிவித்தது. கணக்கிடும் பொறி 1890 முதல் இருக்கிறது. கேட்கும் துணிவுதான் காலந்தாழ்ந்து வருகிறது. ஆகவே, பொறியைக் கண்டு அஞ்சுவதும் தேவையில்லை, வணங்குவதும் தேவையில்லை. பொறியிடம் கேள்வி கேட்பவன் யார் என்று பார்க்க வேண்டும்.

பழைய பொறி, புதிய வாடகை

இந்தியாவிலே ஐ.பி.எம். தன் அலுவலகத்தை அமைத்தது 1951இல். ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிய காலம். இரயில்வே, ஆயுள் காப்பீடு, பெரிய ஆலைகள் எல்லாவற்றுக்கும் கணக்குத் தேவை. 1959இல் அமெரிக்காவிலே வெளிவந்த 1401 என்னும் கணிப்பொறி, 1960களிலே இங்கும் புகழ் பெற்றது. பம்பாயிலே தொழிற்கூடமும் ஏற்பட்டது. ஆனால் நடந்த வேலை என்ன? மேலைநாடுகளிலே பயன்படுத்திக் கழித்த பொறிகளைக் கொண்டுவந்து, துடைத்துச் செப்பனிட்டு, இந்நாட்டவர்க்கு வாடகைக்கு விடுவதே அதிற் பெரும்பகுதி. பல ஆண்டுகளுக்கு முன்பே விலையை ஈட்டிக் கொடுத்துவிட்ட பொறி, கடல் கடந்து வந்து மீண்டும் வாடகை ஈட்டிற்று. 1964இல் அந்நிறுவனம் 360 என்னும் புதுவரிசைப் பொறிகளை உலகுக்கு அறிமுகம் செய்து, சிறு பொறிக்கு எழுதிய கட்டளைத் தொகுப்பு பெரும்பொறியிலும் ஓடும் என்ற புதுமையைப் படைத்தது. அதன் பின்னரும், நமக்குப் பழைய 1401தான் பந்தியில் பரிமாறப்பட்டது!

"பழையதாவது கொடுத்தார்களே, நம்மால் செய்ய முடிந்ததா?" என்று கேட்பார் உண்டு. முடிந்தது! பம்பாயிலே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் தாங்களே ஒரு கணிப்பொறியைக் கட்டி 1960இல் இயக்கிக் காட்டினர். 1962இல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரும் சூட்டப்பட்டது. மூளை இருந்தது. ஆனால் அதைப் பெருக்கித் தொழிலாக்கும் முனைப்பு பின்தங்கிற்று. கையிலே விதை இருக்க, கடையிலே தவிடு வாங்கிய கதை!

மறுபக்கமும் ஒன்று உண்டு. உழைப்பாளர் மனத்திலே அச்சம் புகுந்தது. நூறு எழுத்தர் செய்யும் வேலையை ஒரு பொறி செய்தால் நூறு குடும்பம் என் செய்யும்? கல்கத்தாவிலே ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் 1960களிலே பொறியின் வருகையை எதிர்த்துப் போராடினர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். பொறி எவர் உடைமையோ அவருக்கே அதன் பயன் என்றிருக்கும் வரையில், உழைப்பவன் அதனைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அறிவும் உடைமையும் அவன் கைக்கு வரும்போதுதான் அச்சம் அகலும்.

1973இல் மைய அரசு அன்னியச் செலாவணிச் சட்டத்தைப் புதுப்பித்தது. இந்தியாவிலே இயங்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டு, மீதியை இந்நாட்டவர்க்கு அளிக்க வேண்டும் என்பது பொது விதி. ஐ.பி.எம். பேச்சு நடத்தியது. ஒரு பகுதியைத் தனி நிறுவனமாக்கிப் பங்கு தருகிறோம். மற்றொரு பகுதி முழுவதும் எங்கள் கையிலேயே இருக்கட்டும் என்றது. அரசு ஏற்கவில்லை. 1977இல் சனதா ஆட்சி வந்தது; தொழில் அமைச்சரானார் சார்ச்சு பெர்னாண்டசு. குளிர்பானம் விற்ற கோக்கோ கோலாவும் வெளியேறியது. கணிப்பொறி வாடகைக்கு விட்ட ஐ.பி.எம். நிறுவனமும் 1978இல் வெளியேறியது.

"ஐயகோ! இனி யார் பொறியைத் திறப்பார்? யார் பழுது பார்ப்பார்?"

திறந்தார்கள். நம்மவர்களே திறந்தார்கள்! கணிப்பொறிகளைப் பேணுவதற்கென்றே அரசு 1975இல் நிறுவியிருந்த சி.எம்.சி. என்னும் கழகம், ஐ.பி.எம். விட்டுச் சென்ற பொறிகளின் பராமரிப்பை ஏற்றது. அந்நிறுவனத்திலே வேலை பார்த்த இந்தியர் சிலர் சேர்ந்து தனி நிறுவனமும் கண்டனர். வானம் இடியவில்லை; வையம் நடுங்கவில்லை; மாதச் சம்பளப் பட்டியல் மாதக் கடைசியில் வந்துகொண்டுதான் இருந்தது. பின்னர் 1980களின் நடுவிலே, இரயில் பயணச் சீட்டைக் கணிப்பொறி வழியே முன்பதிவு செய்யும் முறையைத் தில்லியிலே அமைத்துக் கொடுத்ததும் அதே சி.எம்.சி.தான். கருவறைக்குள் நுழைந்து பார்த்தபோது, உள்ளே இருந்தது கடவுள் அன்று, கருவி!

பிடியரிசி கட்டிய பள்ளி

அப்படி நுழைந்தவர்களுள் ஒருவர் தென்பாண்டிச் சீமைக்காரர். திருச்செந்தூருக்கு அருகே, பனை நிற்கும் மணற்காட்டு ஊரான மூலைப்பொழியிலே 1945இல் பிறந்த சிவ நாடார். கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலே பொறியியல் பயின்றவர். தில்லியிலே பார்த்த வேலையை விட்டுவிட்டு, நண்பர்களோடு சேர்ந்து முதலில் கைக்கணக்குப் பொறிகளை விற்றார். 1976இல் இந்துசுதான் கம்ப்யூட்டர்சு நிறுவனம், அதாவது எச்.சி.எல். பிறந்தது. உத்தரப்பிரதேச அரசின் மின்னணுக் கழகம் 26 விழுக்காட்டுப் பங்கு எடுத்துத் துணை நின்றது. ஐ.பி.எம். வெளியேறிய அதே 1978இல், எச்.சி.எல். தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது.

இவரைப் பற்றிக் கூறும்போது நம் வறண்ட நாட்டின் வரலாற்றிலே ஓர் ஏட்டைப் புரட்டாமல் இருக்க இயலவில்லை.

பந்தல்குடிக்குக் கிழக்கே இருக்கிறது கமுதி. அங்குள்ள கோயிலுக்குள் 1897இல் நாடார் குலத்தார் சிலர் நுழைந்தனர். தீட்டுப் பட்டுவிட்டது என்று வழக்கு! மதுரையில் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றம் ஏறி, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. 1908இல் இறுதித் தீர்ப்பு: நுழையும் உரிமை இல்லை!

பனையேறியவர் என்றும் பாரம் சுமந்தவர் என்றும் இழிக்கப்பட்ட அம்மக்கள், கோயில் கதவு அடைபட்ட காலத்திலேயே வேறொரு கதவைத் தட்டினர். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்தனர், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி திரட்டினர், பள்ளி கட்டினர். விருதுநகரிலே 1889இல் எழுந்த பள்ளிக்குச் 'சத்திரிய வித்தியாசாலை' என்று பெயர். பெயரிலே வருணத்தின் வாடை வீசுகிறது, மறைக்க மாட்டோம். ஆனால் பிடியரிசியால் நடந்த அந்தப் பள்ளியிலேதான் காமராசர் பயின்றார். அவர் முதலமைச்சரானபின் 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் எது தெரியுமா? பந்தல்குடியிலிருந்து இதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் வரும் எட்டயபுரம்!

ஒரு சாதியின் வெற்றி என்று முரசு கொட்ட இதனைக் கூறவில்லை. சாதிப் பெருமை பேசினால் ஏறிய ஏணியை நாமே எட்டி உதைத்தவராவோம். கூறவந்தது வேறு: அறிவு எந்தக் குலத்துக்கும் பிறவிச் சொத்து அன்று, எந்த நிறுவனத்துக்கும் தனிச்சொத்தும் அன்று. ஒரு பிடி அரிசியும் ஒரு பள்ளிக்கூடமும் இரண்டு தலைமுறையும் கிடைத்தால் போதும். தீட்டு என்று தள்ளப்பட்டவர் வழியிலே தோன்றியவரும் உலகம் வியக்கும் தொழில் நடத்துவார். இன்று இதே பந்தல்குடியின் சேரியிலே பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். பொருந்தவில்லையென்றால், குறை பிள்ளையிடம் இல்லை. பிடியரிசி சரியாகப் பங்கிடப்படவில்லை என்று பொருள்.

அயல்நாட்டு நிறுவனம் வெளியேறியதாலேயே அறிவு பிறந்துவிட்டது என்றும் நாம் கூறமாட்டோம். வெளியேறிய இடம் வெற்றிடம். அதனை நிரப்பக் கற்றவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். 1963இலேயே கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்திலே மாணவர்கள் ஐ.பி.எம். 1620 கணிப்பொறியிலே பயின்றார்கள். அதே நிறுவனத்தின் பொறிதான், ஆனால் வகுப்பறைக்குள் வந்தபோது அது ஆசானாயிற்று! கல்வி இல்லாமல் கதவடைப்பு மட்டும் நடந்திருந்தால் இருட்டுதான் மிஞ்சியிருக்கும். கதவடைத்த காலத்திலே பொறிகள் விலை மிகுந்தும் அரிதாகவும் இருந்தன என்பதும் உண்மை. 1984இல் கணிப்பொறிக் கொள்கை தளர்த்தப்பட்ட பின்னர்தான் அவை பரவத் தொடங்கின. விரட்டியது மட்டுமே வெற்றியாகாது, கற்றதே வெற்றி.

வாடகைக்கு விட்டவர் வாடகைக்கு எடுத்தார்

கதையின் சுவையான கட்டம் இனிமேல்தான்.

1981இல் ஐ.பி.எம். மேசைமேல் வைக்கும் சிறு கணிப்பொறியை வெளியிட்டது. விரைந்து வெளியிட வேண்டும் என்ற அவசரம். ஆகவே, அதன் மூளையாகிய சில்லை இன்டெல் நிறுவனத்திடம் வாங்கியது. அதனை இயக்கும் கட்டளைத் தொகுப்பை மைக்ரோசாப்டு என்ற சிறு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டி ஐ.பி.எம். பெட்டி, மூளை பிறர் மூளை! விளைவு? பிறரும் அதே மூளையை வாங்கி அதே போன்ற பெட்டியைக் குறைந்த விலைக்குச் செய்தனர். மூளைக்கு உடையவர்கள் செழித்தார்கள். பெட்டிக்கு உடையவர் தேய்ந்தார். 1993ஆம் ஆண்டிலே மட்டும் ஐ.பி.எம். கண்ட இழப்பு 800 கோடி டாலருக்கு மேல். 2005இல் அந்தச் சிறு கணிப்பொறித் தொழிலையே சீன நாட்டு லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

உலகுக்கெல்லாம் மூளையை வாடகைக்கு விட்டவர், ஒருமுறை மூளையை வாடகைக்கு எடுத்தார். அந்த ஒருமுறைக்கே பெருவிலை கொடுத்தார்!

1992இல் ஐ.பி.எம். டாட்டா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. இம்முறை பொறியை வாடகைக்குக் கொடுப்பதைவிட, இங்குள்ள அறிவை வேலைக்கு எடுப்பதிலேயே அதன் கவனம் வளர்ந்தது. 2017 அளவிலே, அமெரிக்காவிலே அதற்கு இருந்த பணியாளரைவிட இந்தியாவிலே இருந்தவர் மிகுதி என்று செய்திகள் வெளிவந்தன. 2020இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த அரவிந்த் கிருஷ்ணா, நம் குன்னூரிலே பள்ளியில் படித்தவர். 2018இன் இறுதியிலே மற்றொரு செய்தி: ஐ.பி.எம். தன் மென்பொருள்கள் சிலவற்றை 180 கோடி டாலருக்கு விற்கிறது. வாங்குபவர் யார்? எச்.சி.எல்.! 2019இல் கைமாற்றம் முடிந்தது. வாடகைக்கு எடுத்தவர் நாட்டிலே பிறந்த நிறுவனம், வாடகைக்கு விட்டவரின் உடைமையை விலைகொடுத்து வாங்கிற்று!

கைதட்டலாமா? தட்டுவோம், ஒரு முறை. பின்பு கையை நிறுத்திவிட்டு யோசிப்போம்.

கல்லும் சிமெண்டும்

பந்தல்குடியைச் சுற்றிலும் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். இராம்கோ சிமெண்டு நிறுவனத்தின் சுரங்கம் இங்கே உண்டு. கல் வெட்டப்படுகிறது, லாரியில் ஏறுகிறது, ஆலைக்குப் போகிறது, சிமெண்டு மூட்டையாகத் திரும்பி வந்து கடையிலே நிற்கிறது. கல்லுக்கு ஒரு விலை. சிமெண்டுக்கு வேறு விலை. இடையிலே உள்ள வேறுபாட்டுக்கு என்ன பெயர்? தொழில்நுட்பம் என்று பெயர்! எவரிடம் அது இருக்கிறதோ அவரிடம் ஆதாயம் தங்குகிறது. அதே இராம்கோ குழுமம் 1997இல் சென்னையிலே ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தனியே அமைத்து, ஆலைகளும் அலுவலகங்களும் பயன்படுத்தும் மென்பொருளைத் தன் பெயரிலேயே ஆக்கி விற்கிறது. கல்லுக்குத் தெரிந்த கணக்கு மென்பொருளுக்கும் பொருந்தும் என்று அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? கரிசல் நிலத்தை அடகு வைத்து, அம்மாவின் கழுத்துச் சங்கிலியை விற்று, பொறியியல் படிக்க வைக்கிறோம். படித்து முடித்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். மேலைநாட்டு நிறுவனத்தின் வேலையை மணிக்கு இவ்வளவு என்ற கணக்கிலே இங்குள்ள நிறுவனம் எடுத்துச் செய்கிறது. அமெரிக்காவிலே பகல் என்றால் நம் பிள்ளைக்கு இரவு விழிப்பு. எழுதிய மென்பொருளின் உரிமை அயலாருக்கு. எழுதிய விரலுக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் வீட்டுக்குக் கூரை போட்டது, தங்கைக்குப் படிப்புத் தந்தது, சேரிக்காரன் மகனை எவர் முன்னும் நாற்காலியில் உட்கார வைத்தது. அதனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். வயிற்றுப் பசியும் தன்மானப் பசியும் அறிந்தவர்கள் நாம்.

ஆனால் உண்மையைக் கூற வேண்டாமா? 1960களிலே மூளை அங்கிருந்து வாடகைக்கு வந்தது. இன்றோ மூளை இங்கிருந்து வாடகைக்குப் போகிறது! அன்று வாடகை கொடுத்தோம். இன்று வாடகை வாங்குகிறோம். முன்னேற்றம்தான். ஆயினும் இரண்டு காலத்திலும் வீட்டின் பத்திரம் வேறொருவர் பெட்டியில்! பந்தல்குடிக் கல்லைப் போலவே பந்தல்குடிப் பிள்ளையும் கச்சாப் பொருளாகவே வெளியேறுகிறான். அவன் அறிவைச் சிமெண்டாக்கும் ஆலை நம்முடையதாக வேண்டாமா? வானம் பார்த்த பூமிக்கு மழை எப்போது வரும் என்று சொல்லும் மென்பொருளை, மல்லிக்கும் மிளகாய்க்கும் மண்டியிலே இன்று என்ன விலை என்று விவசாயிக்குத் தமிழிலே சொல்லும் மென்பொருளை, இந்த மண்ணின் பிள்ளையைவிட நன்றாக எவர் எழுத முடியும்?

அதற்கு முதல் தேவை என்ன? பொருளா? பொருள் வேண்டும். கல்வியா? அதுவும் வேண்டும். இரண்டுக்கும் முன்னே ஒன்று வேண்டும்: "இது எப்படி இயங்குகிறது?" என்று கேட்கும் பழக்கம். பொறிக்குப் பொட்டு வைக்கும் கை, அதன் மூடியைத் திறக்கத் தயங்கும். கணிப்பொறியிலே ஜாதகம் பார்ப்பவன், கோடிக்கணக்கு எண்களை நொடியில் கூட்டும் பொறியை வைத்துக்கொண்டு, இராகு கேதுவைத் தேடுகிறான். துளை, ஊசி, பாதரசம் என்று அறிவு நடந்துவந்த பாதை எங்கே? தோஷம், பரிகாரம், தட்சணை என்று இவன் நடக்கும் பாதை எங்கே? அவன் மூளையைச் சோதிடனிடம் வாடகைக்கு விட்டுவிட்டான். அதற்கு வாடகையும் அவனே கொடுக்கிறான்!

'சிந்தி' என்று சுவரில் எழுதி மாட்டிய நிறுவனம், சிந்தனையைத் தன் பெட்டிக்குள் பூட்டப் பார்த்தது. பூட்டு நிற்கவில்லை. தறியிலே பிறந்த அறிவு, தறிக்காரன் தெருவுக்கும் திரும்பி வந்தே தீரும். கொண்டுவந்து சேர்ப்பது நம் கடமை. ஊருக்கு ஊர் படிப்பகம் அமைத்த பரம்பரை நாம். அந்தப் படிப்பகத்திலே இனி ஒரு கணிப்பொறியும் இருக்கட்டும். அதன் மூடி திறந்தே இருக்கட்டும். சனி, ஞாயிறுகளிலே, வேலை நிமித்தம் வெளியூர் சென்ற தோழர்கள் ஊர் திரும்பும்போது, பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு நிரலை எப்படி எழுதுவது என்று கற்றுக் கொடுக்கட்டும். நம் காலத்துப் பிடியரிசி அதுதான்!

கணிப்பொறி மையத்திலே பூசை முடிந்தது. கற்பூரம் அணைந்தது. அந்த மாணவி முன்னே வந்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரத்தில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் தட்டச்சிட முன்வந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி, நானே அடிக்கிறேன்" என்றாள்.

தோழர்களே, 1978இலே ஒரு நாடு சொன்ன சொல் அது. இனி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒலிக்க வேண்டிய சொல்லும் அதுவே!